மொட்டை மாடியும் ‘நோ சிக்னலும்’

டிஷ் மாட்டப் போகிறவனுக்கு எல்லா வீட்டிலும் முதலில் மோர் கொடுப்பார்கள். படம் வரவில்லை என்றால் அப்புறம் முகங்கொடுத்துக்கூடப் பேச மாட்டார்கள்.

செங்கல்பட்டில் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறேன். மாதக் கட்டணம் இல்லாத டிஷ்ஷும் பாக்ஸும் மாட்டிக் கொடுப்பதுதான் தொழில். ஒருமுறை மாட்டிவிட்டால் இலவச சேனல்கள் வந்துகொண்டே இருக்கும், அதாவது வர வேண்டும். நெட் வந்த பிறகு, ஸ்மார்ட் டிவியில் ஆப் ஏற்றிக் கொடுப்பதும் என் தலையில் விழுந்தது. ‘நோ சிக்னல்’ என்ற எழுத்தை வெறித்துப் பார்த்தபடி ரிமோட்டைத் தொடையில் தட்டிக்கொண்டிருக்கும் சக பாவிகளே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

குறுக்கே சவுக்கு

செய்யூர் பக்கம் ஏழுமலை என்று ஒரு விவசாயி. வேர்க்கடலை போடுகிறவர். மனைவி தவறிப் போய் ஒண்டியாக இருக்கிறார். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை என்று, கட்டிக்கொடுத்த மகள் என்னிடம் வந்து டிஷ் வாங்கிக் கொடுத்திருந்தாள். எங்கள் டிஷ் தென்கிழக்கு வானத்தைப் பார்க்க வேண்டும். இவர் வீட்டுக்குத் தென்கிழக்கில் சுவர் எழுப்பினாற்போல் சவுக்குத் தோப்பு. கூரை, கொல்லை, கிணற்றடி என்று எங்கே நட்டாலும் சிக்னல் மீட்டர் அசையவில்லை.

தோப்பு யாருடையது என்று கேட்டேன். தம்பியுடையது. வரப்புத் தகராறில் அண்ணன் தம்பிக்குப் பேச்சு நின்று வெகு காலம் ஆகிறதாம். நானே தம்பி வீட்டுக்குப் போனேன். அவர் டிவியை அலறவிட்டு உட்கார்ந்திருந்தார். “ஓரத்துல நாலு மரம் தானே? எங்கண்ணன் வந்து ஒரு வார்த்த கேக்கட்டும், இப்பவே வெட்டிப் போடறேன்” என்றார். சந்தோஷமாகத் திரும்பி வந்து சொன்னேன். ஏழுமலை அந்தச் சவுக்கையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு டிஷ்ஷை அவரே தூக்கி என் வண்டியில் வைத்தார்.

“நான் போய்க் கேக்கமாட்டேன்பா. அவன் டிவி சத்தம் இங்க நல்லாத்தான் கேக்குது, படம் இல்லாட்டி இன்னா இப்போ?”

மாடியில் ஒரு விருந்தாளி

வேடந்தாங்கல் பக்கத்து ஊரில் ஒரு வீடு. மத்தியானம் ஆனால் படம் போய்விடும். நான் போய் டிஷ்ஷைத் திருப்பி வைத்தால் வரும், மறுநாள் மறுபடி போய்விடும். கேபிளை மாற்றினேன், பாக்ஸை மாற்றினேன். அந்த வீட்டு அம்மா என்னை ஏமாற்றுக்காரன் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார்.

கடைசியில் ஒருநாள் மத்தியானமே போய் மாடிப்படியில் ஒளிந்து உட்கார்ந்தேன். ஏரிப் பக்கமிருந்து ஒரு நாரை வந்தது. நேராக டிஷ்ஷின் முன்கம்பியில் இறங்கி, ஒற்றைக் காலில் நின்று தூங்க ஆரம்பித்தது. அதன் கனத்தில் டிஷ் மெல்லத் தலை குனிந்தது. திருடனைப் பிடித்த வேகத்தில் அந்த அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டி, “கல்லை எடுத்து விரட்டுங்கம்மா” என்றேன். பறவைகள் மிரண்டுவிடும் என்று தீபாவளிக்கே வெடி கொளுத்தாத ஊர் அது. அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“எங்கியோ இருந்து வந்துகீது, அத்தப் போய் வெரட்டச் சொல்றியே! சீசன் முடிஞ்சி அது போவட்டும், அப்பாலிக்கா நாங்க சீரியல் பாத்துக்கறோம்.”

புயல் செய்தி

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் மீன் விற்கும் அமுதா, புயல் செய்தி பார்ப்பதற்கென்றே டிஷ் மாட்டினாள். வானம் கறுத்த அன்றைக்கு போன் வந்தது. புயல் எங்கே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவன் பாதி வாக்கியத்தில் காணாமல் போய்விட்டானாம். கனத்த மழையில் சிக்னல் நிற்கும், விட்டதும் வரும் என்றேன். விட்டபோது டிஷ்ஷே இல்லை. உப்புக்காற்றில் துருவேறிய போல்ட்டைப் பிய்த்துக்கொண்டு அது பறந்துவிட்டிருந்தது. அமுதா வெறும் கம்பத்தைக் காட்டினாள்.

“மழ இல்லாதப்போ மழ வரும் மழ வரும்னு கத்துது, மழ வந்தா வாய மூடிக்குது. இதுக்கு எங்க வூட்டு ஆளே தேவல.”

ஓடிபி

சிங்கப்பெருமாள் கோயில் சந்நிதித் தெருவில் ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், அவர் மனைவி, இரண்டே பேர். வெளிநாட்டில் இருக்கும் மகன் பெரிய டிவி அனுப்பியிருந்தான். ஆப்பெல்லாம் அவன் நம்பரில். இங்கே டிவி ஓடிபி கேட்டால் அங்கே அவன் போனில் போய் விழும். வாத்தியார் மகனைக் கூப்பிடுவார். அவன் தூக்கக் கலக்கத்தில் எண்ணைச் சொல்வதற்குள் மாமி போனைப் பிடுங்கி, “சாப்டியாடா? குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?” என்று ஆரம்பிப்பார். ஓடிபி காலாவதியாகிவிடும். மறுபடி கூப்பிட வேண்டும்.

இந்தக் கூத்தைப் பார்த்து, எல்லாவற்றையும் வாத்தியார் நம்பருக்கே மாற்றிக் கொடுத்தேன். இனி யாரையும் எழுப்ப வேண்டாம் என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தேன். கொஞ்ச நாள் கழித்து மாமி கடைக்கே வந்துவிட்டார். டிவி சரியாக வரவில்லையா என்று கேட்டேன். நன்றாக வருகிறதாம். கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே நின்றார்.

“அவன் நம்பரையே திரும்பப் போட்டுடுங்கோ. அந்த ஓடிபிக்காகவாவது போனை எடுத்துண்டிருந்தான்.”

தேர்

திருக்கழுக்குன்றத்தில் கண்ணப்பன் என்பவர் வாலிபத்திலிருந்து தேருக்கு முட்டுக்கட்டை போட்டவர். உருளும் சக்கரத்தின் கீழே கட்டையைக் கொடுத்துத் தேரைத் திருப்பும் வேலை. பக்கவாதம் வந்து உள்ளறைக் கட்டிலோடு கிடந்தார். தேரோட்டத்தை நெட்டில் நேரலையாகப் போடுவார்கள் என்று கேள்விப்பட்டு, அவர் மகள் செல்வி என்னைக் கூப்பிட்டாள். கட்டிலுக்கு எதிரே டிவியைப் பொருத்திக் கொடுத்தேன். தேரன்று சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சக்கரத்துப் பக்கம் காட்டும்போதெல்லாம் கண்ணப்பனின் நல்ல கை கட்டிலை ஒரு தட்டுத் தட்டும்.

தேர் அவர் தெருவுக்குள் திரும்பியது. டிவி அணைந்தது. மின்விசிறியும் நின்றது. கம்பியில் இடிக்கக்கூடாது என்று, தேர் வரும் தெருவில் கரண்டை நிறுத்துவது வருஷா வருஷம் நடப்பதுதான். மூன்று பேருக்கும் தெரியும், ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியே “போடு கட்டய!” என்று கத்துவது கேட்டது. அவர் உடம்பு ஒருமுறை துள்ளியது. நானும் செல்வியும் அவரைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்துத் தூக்கினோம். நடை குறுகல். வாசற்படி முழுக்க யார் யாரோ ஏறி நின்றுகொண்டிருந்தார்கள். கெஞ்சி வழி வாங்கி வெளியே வந்தபோது தேர் தெருமுனை திரும்பிவிட்டது. தெருவில் செருப்புகளும் நசுங்கிய வாழைப்பழமும்தான் கிடந்தன.

செல்வி முகத்தை மூடிக்கொண்டாள். கண்ணப்பன் கோணிய வாயால் ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

“டிவி இல்லாட்டி, காலைலயே, என்ன வாசல்ல, தூக்கிப் போட்டிருப்பீங்க.”

சிக்னலை எப்படியாவது வீட்டுக்குள் இழுத்துக் கொண்டுவந்துவிடுகிறேன் ஐயா, அதற்கப்புறம் அங்கே நடப்பதை முடுக்கத்தான் என்னிடம் ஸ்பேனர் இல்லை.