முயல் கூண்டுக்கு வேப்பெண்ணெய்

என் வீட்டுக்காரருக்கு உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் ராத்திரி வேலை. பகலில்தான் தூங்குவார். எங்கள் மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு முயலை வாங்கி வந்து, அவரே பலகையில் கூண்டு அடித்துக் கொடுத்தார். அது பொழுதுக்கும் கூண்டுச் சட்டத்தைக் கறகறவென்று கடித்துக்கொண்டிருக்கும்.

"இன்னா பேஜாரா கீது. செத்த கண்ண மூட முடியல" என்று ஒருநாள் அவர் சலித்துக்கொண்டார்.

மகள் விரல் சூப்பியதை வேப்பெண்ணெய் தடவித்தான் நிறுத்தியிருந்தேன். அதே யோசனையில் சட்டமெல்லாம் தடவிவிட்டேன். கடிப்பது நின்றுபோனது. என் கெட்டிக்காரத்தனத்தை எதிர்வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டேன்.

ஊறிய தவிடும் இளங்கீரையும் குறைவில்லாமல் வைத்தேன். சில வாரத்தில் முயல் கீரைக்கு அருகில் ஆவலாக வந்து, முகர்ந்துவிட்டு, மூலைக்குத் திரும்பிவிட்டது. வாயைப் பிரித்துப் பார்த்தேன். முன்பற்கள் நீண்டு வளைந்து, கடிக்கவே முடியாமல் இருந்தன. மரத்தைக் கடித்துத்தான் பல்லைத் தேய்த்து வந்திருக்கிறது. அடைபட்ட இடத்தில் அதற்கு இருந்த ஒரே வேலையும் அதுதான். கீரை பக்கத்தில் இருக்கப் பட்டினியாகவே செத்தது.

"பாப்பாகிட்ட எண்ணெய் சமாச்சாரத்த சொல்லிக்கினு இருக்காத" என்றார் அவர். நான் சொல்லவில்லை.

இப்போது வேறு முயல் வளர்க்கிறோம். தினமும் கொய்யாக் குச்சியும் வைக்கோலும் போடுகிறேன். சாயங்காலம் கொல்லையில் திறந்து விடுகிறேன். கறகற சத்தத்திலேயே அவர் தூங்கப் பழகிவிட்டார். சத்தம் நின்றால் நான்தான் அடுப்பை விட்டு எழுந்து ஓடுகிறேன்.