கிள்ளுச் சட்டி

எங்க மதினி நிஷாந்தினிக்குப் பின்னாடி உக்காந்தது என் தப்புதான். அதுக்கு மூணு மாசம் நல்லா அனுபவிச்சேன்.

மதினின்னா என் அண்ணன் பொண்டாட்டி. தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துல, ஒரே லயத்துல அடுத்தடுத்த வீட்டுல இருக்கோம். பத்தொம்பது வருசமா மலையில கொழுந்து எடுக்குது, நானும் பக்கத்து நிரையிலதான். பதுளையில ஞாயித்துக்கிழமையில மட்பாண்ட வகுப்பு, நல்லாச் செய்யிற ஒருத்தருக்கு அங்கேயே வேலைன்னு கேள்விப்பட்டதும், "சுபா, கெளம்புடி"ன்னுச்சு. எனக்கு மண்ணு மேல என்ன ஆசை? பஸ்ஸுல டவுனுக்குப் போலாமேன்னு போனேன். மதினிக்கு அப்படியில்ல. முட்டி தேஞ்சுபோச்சு. கூடையோட இனி ஏத்தம் ஏற முடியாதுன்னு அண்ணன்கிட்டகூடச் சொல்லாம எங்கிட்டதான் சொல்லுச்சு.

சொல்லிக் குடுக்கிற ஸல்மா டீச்சருக்கு வயசு இருவத்தாறுதான் இருக்கும். சக்கரம் சுத்துனா மதினி கையில மண்ணு அம்சமா எழும்பும், நானே அசந்துபோயிருக்கேன். ஆனா பாருங்க, சட்டியோட விளிம்பு மெல்லிசா விரலுக்கு நடுவுல வந்ததும் வெடுக்குன்னு கிள்ளிரும்! கிள்ளுனதோட விட்டாலும் பரவாயில்ல. கொழுந்தைக் கூடைக்குள்ள போடுற மாதிரியே தோளுக்கு மேல பின்னாடி வீசும். பின்னாடி யாரு? நான்!

"மதினி, இங்க கூடை இல்ல, என் மூஞ்சி இருக்கு!"

"ஐயோ, கை தானாப் போகுதுடி."

வாராவாரம் ஓட்டைவாய்ச் சட்டிதான். "அக்கா, அந்தக் கையைக் கொஞ்சம் அடக்குங்க"ன்னு டீச்சரும் கெஞ்சிப் பாத்தாங்க. கடைசியில மதினி பெருவிரல்ல பிளாஸ்டர் சுத்திக்கிட்டு வந்துச்சு. அதுல ரெண்டு சட்டி தப்பிச்சுது.

கடைசி நாள். ஆளுக்கொரு சட்டி, அதை வச்சுத்தான் வேலை. மதினி சட்டி முடியப்போற நேரம் பிளாஸ்டர் ஊறிக் கழண்டுபோச்சு. வெடுக். என் நெத்தியில பொத்துன்னு வந்து விழுந்துச்சு மண்ணு.

திரும்பிப் பாக்குறேன், மதினி கண்ணுல தண்ணி. எனக்கு வந்துச்சே கோவம்! "கிள்ளுனதுதான் கிள்ளிட்டீங்க, மிச்சத்தையும் கிள்ளித் தொலைங்க!"ன்னு கத்திட்டேன்.

ஆத்திரத்துல சொன்னதை மதினி நெசமாவே செஞ்சுருச்சு. சக்கரத்தை நிப்பாட்டிட்டு, சட்டியை மெல்லத் திருப்பித் திருப்பி ரெண்டு கையாலயும் கிள்ளிக்கிட்டே போகுது. என்னா வேகம்ங்கிறீங்க! ஒரு கிள்ளுக்கும் மறு கிள்ளுக்கும் அளவு மாறல. சுத்தி முடிச்சதும் சட்டி வாயி முழுக்கச் சின்னச் சின்னப் பல்லு. மதினி அதையே வெறிச்சுப் பாத்துச்சு.

"சுபா, இது தேயிலையோட ஓரம்டி."

டீச்சர் வந்தாங்க. விளிம்புல விரலை ஓட்டிப் பாத்தாங்க. "அக்கா, இதை எல்லாருக்கும் சொல்லிக் குடுக்கணுமே. பழக எவ்வளவு நாளாகும்?"

மதினி யோசிச்சுட்டு, "பத்தொம்பது வருசமாகும் டீச்சர்"னுச்சு.

எல்லாரும் சிரிச்சோம். டீச்சர் மட்டும் சிரிக்கல. "அப்ப நாளைக்கே வேலைக்கு வந்துருங்க"ன்னாங்க.

மறுநாள் காலையில தோட்டத்துல பேர் கூப்புடுற பெரட்டுக்கு நான் தனியாப் போனேன். பக்கத்து நிரையில வேற ஆளு. பின்னாடி வீசுறதுக்கு மதினி இல்லியேன்னு சந்தோசமா அழுதேன், போங்க.