தூணுக்கு வந்த தண்ணீர்

சின்னமனூர்ப் பக்கம் ஓர் ஓடைப் பாலம் கட்டும் வேலையில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். தூண்களுக்குக் கான்கிரீட் போடவிருந்த வாரத்தில்தான் அந்த மனிதர் வந்தார். ஒல்லியான உடம்பு, கட்டம் போட்ட லுங்கி, காய்ப்பேறிய விரல்கள். கான்கிரீட்டுக்குத் தண்ணீர் டேங்கர் லாரி வந்ததும் அதன் குழாயடியில் கையேந்தி, ஒரு வாய் தண்ணீரைக் கொப்பளித்துத் துப்புவார். மூன்று நாளாக இதே வேலை. போட்டி லாரிக்காரன் அனுப்பிய ஆள் என்றே நினைத்தேன்.

நான்காம் நாள் மறித்தேன். "இங்கன ஒங்களுக்கு என்னண்ணே வேலை?"

"இது போர்வெல் தண்ணி சார், உப்புக் கரிக்குது. இதுல கான்கிரீட் கலக்காதீக. உள்ள கெடக்குற கம்பிய உப்பு தின்னுரும். தூணு வெடிச்சிரும்."

"யாரு சொல்லிவிட்டாக?"

லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு நடந்தார். சந்தேகம் தீராமலே தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினேன். உப்பு அளவுக்கு மேல் இருந்தது. வேறு தண்ணீருக்கு ஏற்பாடு செய்தேன்.

அடுத்து வந்தபோது அவரிடம் அதைச் சொன்னேன். முகத்தில் மகிழ்ச்சியே இல்லை.

"நானும் கம்பி கட்டுனவந்தான் சார். இந்தப் பக்கம் ஒரு பாலத்துக்கு இதே மாதிரி தண்ணிய ஊத்துனாக. தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல."

"எந்தப் பாலம்ணே?"

சொல்லாமல் போய்விட்டார். பிறகு வரவேயில்லை. இப்போதெல்லாம் இந்தப் பக்கம் எந்தப் பாலம் வந்தாலும் வண்டியை நிறுத்திக் கீழே இறங்கி, தூணில் விரிசல் தெரிகிறதா என்று பார்க்கிறேன்.