ஸ்ட்ரெத்தம் போன பம்ப்காரர் சட்டைகள்

ஞாயிறு, காலை ஏழேகால். கிங்ஸ்பரி நிலையத்தில் நானும் குகன் அண்ணனும் ஜூபிலி தடத்து ரயிலுக்காக நின்றோம். நான் மதுரைக்காரி. எனக்கு ஐஸ் என்றால் ஜிகர்தண்டாவில் மிதப்பதும் மீன் பெட்டியில் கிடப்பதும்தான். லண்டன் வந்த மூன்றாம் நாளே ஐஸ் மேல் ஆடும் ஹாக்கி பார்க்கக் கிளம்புவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். நான் தங்கியிருப்பது வாசுகியின் வீட்டில். சென்னையில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி அவள், யாழ்ப்பாணத்துப் பெண். குகன் அண்ணன் அவள் கணவர். "அந்தப் பம்ப்காரர் கதையைத் தொடங்கினாரெண்டா நிப்பாட்டேலாது. நீயா ஒண்டும் கேட்டிடாதை" என்று முதல் நாளே எச்சரித்திருந்தாள்.

நான் கேட்டுவிட்டேன்.

அவர் காலடியில் ஒரு பெரிய பை. அதற்குள் ஒரு அணிக்கான நீலச் சட்டைகள், நெஞ்சில் வெள்ளையாக ஒரு பம்புச் சக்கரம். எண்பதுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து உதவித்தொகையில் எந்திரவியல் படிக்க சோவியத் நாட்டுக்குப் போனவர் அவர். மாஸ்கோவிலிருந்து ரயிலில் ஒன்றரை நாள் தள்ளி ஒரு நகரம். தண்ணீர்ப் பம்பு செய்யும் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலைக்கென்று ஒரு ஹாக்கி கிளப், பெயரே 'பம்ப்காரர்'.

"எங்கட தோட்டங்களுக்குத் தண்ணி இறைக்கிற பம்ப் செய்யப் பழகத்தான் போனனான். குளிருக்கு வேறை போக்கிடமில்லை, மாட்ச் பாக்கப் போனன். அதோடை சரி, பிடிச்சிட்டுது" என்றார்.

ரயில் வந்தது. லண்டன் பிரிட்ஜ் வரை கிட்டத்தட்ட முக்கால் மணி நேரம். வெம்ப்ளி தாண்டுவதற்குள் கிளப் பிறந்துவிட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில், சோதனைக்காக ஓடவிட்ட பம்புகளின் தண்ணீர் முற்றத்தில் தேங்கி உறைந்துபோகும். தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்ததும் அதில் மட்டை பிடித்து ஆடினார்கள். மைதானத்தையும் பம்பே போட்டுக்கொடுத்த கிளப் உலகத்தில் வேறு உண்டா என்று குகன் அண்ணன் என்னையே கேட்டார். எனக்கென்ன தெரியும், தலையாட்டினேன். பிறகு விடுமுறை நாட்களில் ஊர்க்காரர்களே கல் சுமந்து அரங்கம் கட்டினார்கள். அணி மேல் பிரிவுக்கு ஏறியது. அந்த அரங்கத்தில்தான் அவர் ஆறு குளிர்காலம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்.

பேக்கர் ஸ்ட்ரீட்டில் சோவியத் நாடு உடைந்தது. தொழிற்சாலை முடங்கியது, வீரர்களுக்குச் சம்பளம் இல்லை. ஒரு பருவம் முழுக்க ஆடியதற்கு ஒலெக் என்ற இளம் ஆட்டக்காரனுக்குக் கிடைத்தது ஒரு ஃப்ரிட்ஜ். வாசலைத் திறந்தாலே எல்லாம் உறைந்துபோகும் ஊரில் ஃப்ரிட்ஜ்! நான் சத்தமாகச் சிரித்ததில் எதிரே உட்கார்ந்திருந்த பெண் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிப் பார்த்தாள். பிறகு பணக்கார முதலாளி வந்தார், கண்ணாடி அரங்கம் வந்தது, வெளிநாட்டு வீரர்கள் வந்தார்கள்.

"இப்ப?" என்று கேட்டேன்.

"இப்ப அந்தத் தொழிற்சாலையிலை பம்ப் செய்யிறேல்லை. ரஷ்ய ஆமிக்குச் சாமான் செய்யினம்" என்றார். அதோடு கதையை நிறுத்திவிட்டு, பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

கதையை நிறுத்திய காரணம் லண்டன் பிரிட்ஜ் நிலையத்தில் தெரிந்தது. இரண்டு பவுண்டு எண்பது காசுக்கு வாங்கிய சுடுநீர் போன்ற ஒரு தேநீரைக் குடித்தபடி சொன்னார். லண்டன் வந்த ஒலெக்கைத் தேடிப் பிடித்து, குகன் அண்ணன் ஒரு வார இறுதி அணி சேர்த்தார். ஒலெக் தலைவர். அண்ணனுக்குச் சறுக்கத் தெரியாது, அதனால் மேலாளர். கோல்கீப்பர் தராஸ், உக்ரைனின் கார்கிவ் நகரத்தவன். பழைய பாசத்தில் எல்லோரும் பம்ப்காரர் சட்டையையே போட்டு ஆடினார்கள். ரஷ்யா உக்ரைன் மேல் போர் தொடுத்த பிறகும் தராஸ் பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினான். அவன் அக்காவின் தெருவில் குண்டு விழுந்த பிறகு, அந்தச் சக்கரத்தை நெஞ்சில் சுமக்க முடியாது என்று சொல்லிவிட்டான். ஒலெக்கோ, அது தன் அப்பா கல் சுமந்த கிளப் என்றார். மாதக்கணக்காக இருவரும் முகம் பார்ப்பதில்லை.

"இண்டைக்கு அவன் வராட்டி டீம் முடிஞ்சுது, தங்கச்சி. எனக்கு ரெண்டு பேரும் வேணும்."

ஒன்பதரைக்கு ஸ்ட்ரெத்தம். ரயிலில் பெக்கமும் டல்விச்சும் தாண்டி வந்து இறங்கினால், அரங்கத்துக்குள் மார்கழி விடிகாலையை அடைத்து வைத்த மாதிரி குளிர். வாசுகி கொடுத்தனுப்பிய குல்லாவைக் காது வரை இழுத்துக்கொண்டேன்.

இந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீரர்கள் வருமுன்னே அவரவர் கொக்கியில் சட்டையை மாட்டி வைப்பது மேலாளர் வேலை. குகன் அண்ணன் ஒவ்வொரு சட்டையாக எடுத்தார். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மாட்டினார். சக்கரம் உள்ளே போயிற்று, முரட்டுத் தையல்தான் தெரிந்தது.

"எறியவும் ஏலாது, காட்டவும் ஏலாது. சக்கரம் உள்ளுக்கை கிடக்கட்டும். போடுறவனுக்குத் தெரிஞ்சாப் போதும்" என்றார். ராத்திரியெல்லாம் யோசித்த முகம். எனக்கு அது நல்ல வழியாகத்தான் பட்டது.

முதலில் ஒலெக் வந்தார், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற ஆள். பின்னாலேயே கனத்த கால் கவசங்களைத் தூக்கிக்கொண்டு தராஸ். வந்துவிட்டான்! குகன் அண்ணன் மூச்சு விட்டதை நான் கேட்டேன். இருவரும் கொக்கிகளைப் பார்த்தார்கள். இருவரும் ஒரே நேரத்தில், ஒருவர் ரஷ்ய மொழியிலும் ஒருவர் ஆங்கிலத்திலும், "கூடவே கூடாது" என்றார்கள். மாதக்கணக்கில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதானாம்.

சட்டையை உள்வெளியாகப் போட்டால் அடி வாங்குவாய் என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை. ரஷ்யருக்கும் உண்டு, உக்ரைன்காரருக்கும் உண்டு. குகன் அண்ணனுக்குத்தான் இல்லை.

"ஆறு வருஷம் இருந்தனான், ஒருத்தரும் எனக்கு இதைச் சொல்லேல்லையே!" என்று பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். பாவமாக இருந்தது. எழுந்து ஒரு சட்டையை நேராக்கப் போனார். சக்கரம் தெரியப் போடுவதானால் வீட்டுக்குப் போகிறேன் என்று தராஸ் மெதுவாகச் சொன்னான். அண்ணனின் கை அந்தச் சட்டைக்குள் பாதியில் நின்றது. மற்ற வீரர்கள் ஸ்கேட்ஸ் கயிற்றைக் கட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒலெக் தன் சட்டையை எடுத்து, தையல் வெளியே தெரிய அப்படியே மாட்டிக்கொண்டார். தராஸுக்கு முன்னால் போய், திரும்பி, முதுகைக் காட்டி நின்று ஏதோ சொன்னார்.

குகன் அண்ணன் என் காதில் மொழிபெயர்த்தார்: "அடி எண்டு கேக்கிறான். அதுக்குப் பரிகாரம் இருக்காம். சிநேகிதன் ஒருத்தன் முதுகிலை அடிச்சா தோஷம் கழிஞ்சிடும். சிநேகிதன்தான் அடிக்க வேணுமாம், மற்றவன் அடிச்சாச் சரிவராது."

தராஸ் அசையவில்லை. நான் குல்லாவைக் கழற்றிக் கையில் பிடித்திருந்தேன், எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை. கடைசியில் அவன் கவசங்களைக் கீழே வைத்தான். கையை ஓங்கினான். தட்டல் இல்லை அது, அடி. ஒலெக் இரண்டடி முன்னால் தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அத்தனை மாதத்துக் கோபமும் அதில் இருந்திருக்க வேண்டும். ஒலெக் திரும்பிப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

தராஸ் தன் கொக்கியிலிருந்து சட்டையை எடுத்து, அதேபோல் மாட்டிக்கொண்டு, ஒலெக்குக்கு முதுகைக் காட்டி நின்றான். ஒலெக்கின் பெரிய கை எழும்பி, சத்தமில்லாமல் அவன் முதுகில் போய்ப் படிந்தது. குகன் அண்ணன் குனிந்து பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ஆட்டத்தில் ஏழுக்கு இரண்டு என்று தோற்றார்கள். பந்துக்குப் பதில் அவர்கள் அடித்துத் தள்ளும் கறுப்பு ரப்பர் வட்டு என் கண்ணில் ஒருமுறைகூடப் படவில்லை. எதிரணிக்காரர்கள் கைகுலுக்க வரிசையாக வந்தபோது, ஏன் எல்லோரும் சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். எங்கள் ஆட்கள் கையைக் குலுக்கிவிட்டு நகர்ந்துகொண்டே இருந்தார்கள்.

மூன்று நாள் கழித்து ஹீத்ரோவுக்குக் கிளம்பினேன். ஒரே சொந்தத்துக்குள் வருடக்கணக்காக முகம் பார்க்காத குடும்பங்கள் எங்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்கு இப்படி அடித்துத் தீர்க்க ஒரு வழி இருந்தால் தேவலை என்று நினைத்துக்கொண்டேன். குகன் அண்ணன் பெட்டியைக் காரில் ஏற்றியபடி சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை நான் சட்டை எல்லாம் சேர்க்கேக்கை தராஸ் ஒண்டு சொன்னவன். தோய்க்கேக்கை திருப்பிப்போடாதை எண்டவன்."

வீட்டுப் பின்புறக் கொடியில் அந்தச் சட்டைகள் தையல் வெளியே தெரியக் காய்ந்துகொண்டிருந்தன.