மெட்டுக்குப் பத்தாவது பெயர்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் எங்கள் வீட்டு மாடியில் ஒரு அயர்லாந்து தம்பதி எட்டு வருடம் வாடகைக்கு இருந்தார்கள். கணவர் புல்லாங்குழல் வாசிப்பார். நான் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போகிற பேண்டு செட்டில் கிளாரினெட். எனக்கும் அவர் வயதுதான். அவர் ஊர் ஆட்ட மெட்டு ஒன்றை கீழே இருந்தபடி கேட்டுக் கேட்டே பிடித்துக்கொண்டேன். ஜிக் என்பார்கள். தகிட தகிட என்று குதித்துக்கொண்டு ஓடும்.

யார் போட்ட மெட்டு என்று அவருக்கே தெரியாது. கண் தெரியாத வித்வான் ஒருவர் போட்டது என்று ஓர் ஊரில் சொல்வார்களாம். இல்லை, பட்டாளத்துக்காரன் கடல் தாண்டிக் கொண்டுவந்தது என்று அடுத்த ஊரில் அடித்துப் பேசுவார்களாம். பெயரும் ஊருக்கு ஒன்று. 'பால்காரி மகள்', 'நொண்டிக் குதிரை', 'நனைந்த பாதிரியார்' என்று ஒன்பது பெயர்களை நோட்டில் எழுதி வைத்திருந்தார். பத்தாவதாக, தன் மனைவியின் பெயரில் அது திருவண்ணாமலையில் வழங்க வேண்டும் என்பது அவர் ஆசை. நானும் சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

ஒருநாள் பக்கத்து கஃபேயில், தன் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் முன்னால், என்னை அதை வாசிக்கச் சொன்னார். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார். "பொணம் எடுக்கிற மாதிரி வாசிக்கிறீங்க" என்றார். ஆங்கிலத்திலும் அதையே சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

பிணம்தானே, எடுத்துக் காட்டுகிறேன் என்று அடுத்த வாரமே அடி அண்ணாமலை கிராமத்தில், பெண்டாட்டியை அடித்து, குடித்தே செத்த ஒருவனின் பாடைக்கு முன்னால் அதை வாசித்தேன். இளவட்டங்கள் விசிலடித்து ஆடினார்கள். பெயர் தெரியாத மெட்டுக்கு, முதலில் வாசித்த வீட்டை வைத்துத்தான் எங்கள் செட்டில் பெயர். அது தெரிந்துதான், வாக்குக் கொடுத்த பெயரைச் சொல்லாமல் வாசித்தேன். அன்றோடு அது 'குடிகாரன் பொணம்' ஆகிவிட்டது. மற்ற செட்டுக்காரர்களும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்கள்.

மறு வருடம் மாடி வீட்டு அம்மாவுக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. ஒரு காலையில் கணவர் படியிறங்கி வந்தார். ஊரில் அதை என்னவென்று சொல்கிறார்கள் என்பது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"அன்னைக்கு நான் சொன்னது தப்புதாங்க. அவ உங்கள கேப்பா. அவ பேர்தான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க, போதும்."

மேலே போனேன். அந்த அம்மா காய்க்காரம்மாவிடம் கற்றுக்கொண்ட தமிழில் கேட்டார்.

"அந்தப் பாட்டுக்கு உங்க ஆளுங்க பேர் வச்சிட்டாங்களா?"

"வச்சிட்டாங்கம்மா."

"என்னா பேரு?"

கணவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய் நாக்கு நுனியில் இருந்தது. அதை விழுங்கினேன்.

"குடிகாரன் பொணம்னு சொல்றாங்கம்மா."

அந்த அம்மா அதை நோட்டில் எழுதிக்கொள்ளும்படி கணவரிடம் சொன்னார். அவர் அசையவில்லை. மறுபடி சொன்னபோது எழுதினார். ஒன்பது பெயருக்கும் கீழே, பத்தாவதாக. அதைப் பார்க்க எனக்குத் திருப்தியாக இருந்தது. அதை மறைப்பதற்கில்லை.

நாலாம் நாள் அந்த அம்மா இறந்துபோனார். மேளம் எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார் கணவர். மாதம் முடிவதற்குள், சொல்லிக்கொள்ளாமலே வீட்டைக் காலி செய்துவிட்டார்.

இப்போதும் வாரம் ஒரு பாடைக்காவது அதை வாசிக்கிறோம். போன மாதம் எங்கள் செட்டில் டிரம் அடிப்பவர், இதற்கு வேறு பெயர் உண்டா என்று கேட்டார். ஒன்பது பெயரையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அந்த அம்மாவின் பெயரைச் சொல்லவில்லை. இங்கேயும் சொல்லப்போவதில்லை.