வசியின் கல்வெட்டில் நான் எழுதாமல் விட்டது

வசி இறந்த செய்தி வந்தபோது நான் ஆசிரியர் அறையில் கட்டுரைக் கொப்பிகள் திருத்திக்கொண்டிருந்தேன். அழைத்தது அவருடைய தங்கை தர்ஷினி. "சேர், அண்ணை போயிட்டார்" என்றாள். டெங்கு என்று படுத்து ஆறாம் நாள். வயது முப்பத்தைந்து. போனை வைத்ததும் எனக்கு முதலில் வந்தது ஆறுதல். இனி ஒருவரும் சொல்லப் போவதில்லை என்ற ஆறுதல். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதினால் என்ன என்று இரண்டு நாள் யோசித்தேன். அப்படி மாற்றி மாற்றி எழுதித்தான் இங்கே வந்து நிற்கிறேன் என்பதால் இருந்தபடியே விடுகிறேன்.

வசீகரனை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருதனார்மடச் சந்தியில் அவருடைய ஒலிபெருக்கிக் கடையில் அம்ப்ளிபயர் திருத்தக் கொடுத்தவர்கள், கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் அவரைக் கூப்பிட்டவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். இரும்பில் பிடிக்கும் துருவின் பெயரில் அவரும் இரண்டு நண்பர்களும் நடத்திய 'கறள்' என்ற இசைக்குழுவைக் கேட்டவர்கள் குறைவு. கேட்டவர்களையும், கேட்டுக் காதைப் பொத்தியவர்களையும் சேர்த்தாலும் ஒரு மினிபஸ் நிரம்பாது. உங்கள் எல்லோரிடமும் சொல்ல எனக்கு ஒரு விஷயம் இருக்கிறது. அதை அவர் உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும்.

நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டது என் பாடசாலைப் பரிசளிப்பு விழாவில். நான் அறிவிப்பாளர். ஒலியமைப்பு அவர். வரவேற்புரையின் நடுவில் மேடைக்கு ஏறிவந்து, "சேர், மைக் சாப்பாட்டுச் சாமான் இல்லை, நாலு விரல் தள்ளிப் பிடியுங்கோ" என்றார். அது மைக்கிலும் போய்விட்டது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். விழா முடிந்து தேநீர் குடிக்கும்போது அவரே பக்கத்தில் வந்து நின்றார்.

"கல்வெட்டு எழுதுற சேர் நீங்கள்தானே?"

நான்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். இறந்தவரின் படம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, உறவினர் புலம்பல் என்று எல்லாம் அதில் இருக்கும். ஊரில் பாதிப் பேருடைய வாழ்க்கை வரலாற்றை நான்தான் எழுதியிருக்கிறேன். என் கல்வெட்டுகளில் கருமி ஒருவரும் இல்லை, கோபக்காரர் ஒருவரும் இல்லை. செத்த பிறகு எல்லோரும் நல்லவர்கள்.

"செத்த ஆக்களுக்கு நல்லா எழுதுறியள்" என்றார் வசி. "உயிரோடை இருக்கிற எங்களுக்கும் நாலு பாட்டு எழுதித் தாங்கோவன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை நீர்வேலிக்கு அழைத்துப்போனார். பேஸ் கிற்றார் வாசிக்கும் கஜனின் தகப்பனுடைய வாழைத் தோட்டம். கிணற்றடியில் தகரக் கொட்டில். காலை பத்து மணிக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கப் பம்பை இயக்குவார்கள். பம்ப் ஓடும்வரைதான் ஒத்திகை. அயலில் இருப்பவர்களுக்குப் பம்ப் சத்தம்தான் கேட்கும். பம்ப் நின்றால் எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். வசி ஒரு மைக்கைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கியிருந்தார். பம்ப் சத்தம் கிணற்றில் இறங்கி முழங்கி, அவரே பற்றவைத்துச் செய்த பெட்டிகளுக்குள்ளால் வெளியே வரும்போது நெஞ்சுக்கூடு அதிரும். அதற்கு மேல் அவருடைய கிற்றார், கஜனின் பேஸ், குருநகர் டிலக்சனின் ட்ரம்ஸ், கடைசியாக வசியின் கத்தல்.

இது என்ன இசை என்று கேட்டேன். "பிளாக் மெற்றலிலை இருந்து இருட்டை எடுத்தம், பங்க் றொக்கிலை இருந்து அவசரத்தை எடுத்தம். நொய்ஸ் ஒருத்தரிட்டையும் எடுக்கேல்லை, அது எங்கடை பம்ப்" என்று மேல்நாட்டு இசை வகைகளை அடுக்கினார். ஏன் இப்படிக் கத்த வேண்டும் என்று கேட்டதற்கு, "கோபத்தை ராகத்திலை பாடினா, சேர், ஆக்கள் தலையாட்டிப்போட்டுப் போயிடுவினம்" என்றார்.

நாங்கள் ஒரே வயது. நான் அவரை, மரியாதையில் ஒரு படி குறைத்து, 'நீர்' என்றேன். அவர் என்னை 'நீங்கள்' என்றார், 'சேர்' என்றார். இது எனக்கு அப்போது உறுத்தவே இல்லை.

நான் எழுதிக் கொடுத்த முதல் பாட்டின் பெயர் 'வடம்'. எங்கள் ஊர்க் கோயிலில் தேர்வடம் பிடிக்கச் சிலருக்கு விடமாட்டார்கள். எழுதப்படாத சட்டம். நான் உயர்தரம் படித்த காலத்தில், தேரன்று கூட்டத்தோடு கூட்டமாக வந்து ஒருவர் வடத்தில் கைவைத்தார். அந்தக் கையைப் பிடித்து எடுத்துவிட்டது கோயில் தர்மகர்த்தாவான என் பெரியப்பா. நான் அடுத்த ஆளாக வடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் சொல்லாமல் இழுத்தேன். வசியின் ஆட்களும் அந்தக் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிடுகிறவர்கள்தான். ஆனால் பத்து நாள் திருவிழாவுக்கும் ஒலிபெருக்கி கட்டுவது வசி. "என்ரை சத்தம் மூலஸ்தானம் மட்டுக்கும் போகுது சேர். நான் வாசல் மட்டுக்கும்தான்" என்று ஒருமுறை சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

பரீட்சைத் தாளில் எழுதிய அந்த நான்கு பக்கத்தையும் அவர் இரண்டு தரம் வாசித்தார்.

"பேர் போடட்டோ சேர்?"

"வேண்டாம்."

"சரி" என்று மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

குருநகரில் டிலக்சனின் மாமாவுடைய வாடியில், கடற்கரை மீன் கொட்டிலில், ஒரு ஞாயிறு பின்னேரம், வலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு அதைப் பாடினார்கள். நாற்பது பேர் இருக்கும். மூன்று பேரும் முகத்தில் அடுப்புச் சாம்பலும் கரியும் பூசியிருந்தார்கள். நான் பின்னால், வாசலுக்குப் பக்கத்தில் நின்றேன். யாராவது தெரிந்தவர் கண்டால், மீன் வாங்க வந்தேன் என்று சொல்லத் தயாராக இருந்தேன். வசி என் சொற்களைக் கத்தினார். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் அது நான் தேரன்று விழுங்கிய சத்தம் என்று எனக்குத் தெரிந்தது. அழுதுவிட்டேன். பாட்டு முடிந்ததும் டிலக்சனின் மாமி இஞ்சி போட்ட, பால் விடாத பிளேன்ரீயோடு வந்தார்.

"ஆரோ உன்ரை காலை மிதிச்ச மாதிரியெல்லோ கத்துறாய் மோனை!"

"ஓம் அன்ரி, அதுதான் பாட்டு" என்றார் வசி.

யாரோ அதைப் போனில் எடுத்து முகநூலில் போட்டார்கள். சொல் விளங்காது என்பதால் வசி வரிகளை அதன் கீழே எழுதிவிட்டார். எழுதட்டுமா என்று என்னைக் கேட்டுத்தான் எழுதினார். எனக்கும் உள்ளூரப் பெருமை, சரி என்றேன். ஒரு கிழமைக்குள் எங்கள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. திருநீற்றைப் பூசிக்கொண்டு சாமியை ஏசுகிறார்கள் என்றார்கள். அது அடுப்புச் சாம்பல் என்று கேட்டறிய ஒருவருக்கும் நேரமில்லை.

வசியைக் கோயில் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். அவர் வாசலில் நின்றார். உள்ளே பெரியப்பா, சபையினர் நான்கு பேர், திருவிழா மலர்த் தொகுப்பாளர் என்ற முறையில் நான்.

"உதை எழுதினது ஆர்?" என்று கேட்டார் பெரியப்பா.

வசி என் பக்கம் திரும்பவே இல்லை. "நான்தான் ஐயா."

"உவனுக்கு உந்தத் தமிழ் எங்கையிருந்து?" என்றார் சபையில் ஒருவர். பெரியப்பா அந்த வரிகளை ஒரு தாளில் எடுத்து வைத்திருந்தார். அதை என்னிடம் நீட்டினார். "நீ தமிழ் படிப்பிக்கிறனி. வாசிச்சுச் சொல்லு, உவன் எழுதினதோ?"

என் வரிகளை முதன்முறை பார்ப்பவன்போல வாசித்தேன். நடுவில் ஒருமுறை புருவத்தைச் சுருக்கியதும் நினைவிருக்கிறது. அவ்வளவு நன்றாக நடித்தேன்.

"ஓம் பெரியப்பா. படிச்ச ஆக்கள் எழுதினது மாதிரித் தெரியேல்லை."

வாசலில் நின்ற வசிக்கு அது கேட்டது. அந்த வருடத் திருவிழா ஒலியமைப்பு வேறு ஒருவருக்குப் போனது. பக்கத்துக் கோயில்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்டன. வசி ஒலிபெருக்கிக் கடையில் மின்விசிறியும் ரைஸ் குக்கரும் திருத்தத் தொடங்கினார்.

இரண்டு கிழமை கழித்து வீதியில் என்னைக் கண்டு சைக்கிளை நிறுத்தினார். "சேர், உங்கடை எழுத்துக்கு நீங்களே புள்ளியைக் குறைச்சுப் போட்டியள்" என்று சிரித்தார். நான் வேலை, கலியாணப் பேச்சு, அம்மாவின் உடம்பு என்று நீட்டினேன். மன்னிப்பு என்ற சொல் மட்டும் வாயில் வரவில்லை. கேட்டுக்கொண்டு நின்றவர் கடைசியில் ஒன்று சொன்னார்.

"விளங்குது சேர். தொழில் போனது பரவாயில்லை. நீங்கள் எழுதினதெண்டா அவையள் ஒருக்கா யோசிச்சிருப்பினம், எங்கடை வீட்டுப் பிள்ளையே உப்பிடிச் சொல்லுது எண்டு. நான் எழுதினதெண்டதும், உவன் வேறை என்னத்தை எழுதுவான் எண்டிட்டுப் போட்டினம். பாட்டுத்தான் வீணாப்போச்சு."

அதற்குப் பிறகு நான் நீர்வேலிக்குப் போகவில்லை. மூன்று வருடம். மருதனார்மடச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கடைப் பக்கம் முதுகைக் காட்டி நின்றேன்.

செத்தவீடு முடிந்த மறுநாள் தர்ஷினி என் வீட்டுக்கு வந்தாள். "அண்ணையின்ரை கல்வெட்டை நீங்கள்தான் எழுத வேணும் சேர்." எழுதினேன். 'ஆலயங்களுக்கு ஒலியமைப்புத் தொண்டாற்றியவர்' என்று எழுதினேன். எந்த ஆலயம் அவரை ஏன் நிறுத்தியது என்று எழுதவில்லை. 'இன்முகமும் அடக்கமும் ஒருங்கே அமைந்தவர்' என்று எழுதினேன். 'கறள்' என்ற சொல்லே அந்தப் புத்தகத்தில் இல்லை. அவரைப் பெற்ற தாயின் மனம் நோகக்கூடாது என்றுதான் விட்டேன் என எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். இசைக்குழுவை எழுதினால் பாட்டு வரும். பாட்டு வந்தால் எழுதியவர் யார் என்ற கேள்வி வரும்.

முப்பத்தோராம் நாள் சாப்பாடு முடிந்து வந்தவர்கள் கல்வெட்டோடு கலைந்த பிறகு, தர்ஷினி என்னை உள்ளே கூப்பிட்டாள். மேசையில் நான்கு பரீட்சைத் தாள்களை விரித்து வைத்திருந்தாள்.

"சாதாரண தரத்துக்கு மூண்டு வரியம் உங்களிட்டை ரியூசன் படிச்சனான் சேர். என்ரை கட்டுரையளுக்குக் கீழை நீங்கள் எழுதின கையெழுத்து எனக்குத் தெரியாதே?"

நான் முதல் தாளின் மேல் குனிந்தேன்.

"அண்ணை சொல்லேல்லை. நேரை கேட்டும் சொல்லேல்லை. நான்தான் கண்டுபிடிச்சன். தெரிஞ்சுகொண்டுதான் கல்வெட்டை உங்களிட்டைத் தந்தனான். எழுதுவியள் எண்டு பாத்தன்." புத்தகத்தைத் திறந்து ஓர் இடத்தில் விரலை வைத்தாள். "அடக்கமானவராம்."

மறுநாள் காலை பெரியப்பா வீட்டுக்குப் போனேன். சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று நினைத்தேன். "அந்த வடம் பாட்டு நான் எழுதினது" என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்தார்.

"தெரியும். உன்ரை தமிழை எனக்குத் தெரியாதே? எத்தினை கல்வெட்டு வாசிச்சிருப்பன்."

"பேந்து ஏன் என்னட்டைக் கேட்டனீங்கள்?"

"நீ என்ன சொல்லுவாய் எண்டு பாக்கத்தான்." என் தோளில் தட்டினார். "நீ சரியாத்தானே சொன்னனி."

என்னைப் பாராட்டினார். அன்று கோயில் அலுவலகத்தில் வசிக்குத் தெரிந்திருக்கிறது, பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரிந்திருக்கிறது. மூன்று பேருக்கும் தெரிந்த ஓர் உண்மையை மறைக்கத்தான் ஒருவருடைய பிழைப்பைப் பறித்தோம். வாழ்நாளில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் இவ்வளவு கூசவைத்தது வேறில்லை.

அங்கிருந்து நேரே தர்ஷினியிடம் போனேன். கல்வெட்டை மறுபடி அச்சடிப்போம், எல்லாவற்றையும் எழுதுகிறேன் என்றேன். அவள் தலையாட்டி மறுத்தாள்.

"கல்வெட்டு ஒருக்காத்தான் சேர் அடிக்கிறது. அது குடுத்து முடிஞ்சுது. பேப்பருக்கு எழுதுங்கோ, பேரைப் போட்டு எழுதுங்கோ. அண்ணை வாசிக்கப் போறதில்லை. உங்கடை பெரியப்பா வாசிப்பார்."

தாள்களைத் தருவாயா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவளும் தரவில்லை.

பெரியப்பா, இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். 'வடம்' பாட்டை எழுதியது சதாசிவம் கிருபாகரன், உங்கள் தம்பியின் மகன், தமிழாசிரியர். வசீகரன் அதைப் பாடினார், பிறகு என் இடத்தில் வந்து நின்றார். அவரைத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் அவருடைய ஏதோ ஒன்று இருக்கும்: ஒரு பகிடி, அவர் திருத்திக் கொடுத்த ஒரு றேடியோ. என்னிடம் இருந்தது எனக்காக அவர் சொன்ன பொய் மட்டும்தான். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மிஞ்சியிருப்பது வெட்கம். அதை நான் வைத்துக்கொள்கிறேன்.