எந்த இடத்தில் ஆடுகிறேன்?

பேஸ்பால் ஆட்டக்காரனுக்குக் கால் முக்கியம், கண் முக்கியம். எங்கே நிற்கிறோம் என்று தெரிந்திருப்பது அதைவிட முக்கியம். எனக்குக் கால் மட்டும்தான் வாய்த்தது. வேலையில் சேர்ந்து வருஷக்கணக்கான பிறகும் ‘நம்ம வேலைதான் என்ன?’ என்று முழிக்கிற உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

முதல் ஓட்டம்

யாங்கோனில் ஒரு கம்பெனி பேஸ்பால் குழு வைத்திருந்தது. நான் ஓடுவதைப் பார்த்த பயிற்சியாளர் ஊ டின், விதிகளைச் சொல்வதற்கு முன்பே சம்பளத்துக்குச் சேர்த்துக்கொண்டார். முதல் ஆட்டத்தில், ஓடித் தொட வேண்டிய நாலு பேஸ்களில் இரண்டாவதில் நான் நிற்க, எங்கள் ஆள் பந்தை வானத்துக்கு அடித்தான். நான் பிய்த்துக்கொண்டு ஓடி, கடைசி பேஸை மிதித்துக் கையைத் தூக்கினேன். யாரும் கைதட்டவில்லை. பந்தை அந்தரத்திலேயே பிடித்துவிட்டால் நின்ற இடத்துக்குத் திரும்ப வேண்டுமாம். எதிரணிக்காரர் ஒருவர் பரிதாபப்பட்டு, அண்ணன் முறை வைத்துச் சொன்னார்: “அகோ, நல்லா ஓடுறீங்க. அடுத்த தடவை பந்தையும் கொஞ்சம் பாருங்க.”

இரண்டு பேர்

வேகமாக ஓடுகிறவன் எங்கும் ஆடுவான் என்று ஊ டின் முடிவு செய்துவிட்டார். யாருக்கு அடிபட்டாலும் அந்த இடத்துக்கு நான்தான். என் பையில் மூன்று விதக் கையுறைகள் இருக்கும். ஒருநாள் அரைமணிக்குள் நாலு இடம் மாற்றியதில் குழம்பிப்போய், இரண்டாவது பேஸுக்குப் போய்க் குனிந்து நின்றேன். பக்கத்தில் எங்கள் குழுவின் கோ மின்னும் குனிந்து நின்றான். நான் நிற்க வேண்டிய வலது கோடியில் பந்து நிதானமாக விழுந்து உருண்டது. கோ மின் என்னை மேலும் கீழும் பார்த்தான்: “ரெண்டாவது பேஸ் நான். அப்ப நீ யாரு?”

காது

தனக்கென்று ஓர் இடம் இல்லாதவர்களை அடுத்த சீசனுக்கு எடுக்க மாட்டார்கள் என்று பேச்சு வந்தது. கடைசி ஆட்டம் சமநிலையில் இருந்தபோது, முதல் பேஸில் மூச்சு வாங்கிய கனத்த ஆளுக்குப் பதிலாக ஓட என்னை அனுப்பினார்கள். ஊ டின் தொப்பியைத் தொட்டால் நிற்க வேண்டும், காதைத் தொட்டால் ஓட வேண்டும்.

அவர் தொப்பியைத் தொட்டார். உடனே காதையும் தொட்டார். எது கணக்கு? யோசிப்பதற்குள் கால் கிளம்பிவிட்டது. என்னைத் தடுக்க எறிந்த பந்து எல்லோர் தலைக்கும் மேலே பறந்தது. எடுக்கப் போனவன் மழை ஈரத்தில் வழுக்கி விழுந்தான். சுற்றி வந்துவிட்டேன், ஜெயித்துவிட்டோம்! எல்லோரும் என்மேல் விழுந்து கத்த, ஊ டின் மட்டும் காதைத் தேய்த்துக்கொண்டு வந்தார்: “எறும்பு கடிச்சுதுப்பா. நீ எதுக்கு ஓடின?”

பெண் பார்த்த கதை

குழுவில் நீடித்த தைரியத்தில் ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினுக்குப் பெண் பார்க்கப் போனேன். பெண் பேர் ஸ்டெல்லா, யாங்கோன் லத்தா பகுதியில் ஒரு மருந்துக்கடையில் வேலை. அவள் அப்பா கேட்டார், “தம்பி எந்த இடத்துல ஆடுறீங்க?”

“எல்லா இடத்துலயும்தாங்க.”

“அப்ப நிலையான இடம் கிடையாதா?”

எனக்கே தெரியாததை அவருக்கு எப்படிச் சொல்ல? உள்ளிருந்து ஸ்டெல்லா வந்து நின்றாள்: “நம்ம ஊர்ல யாருக்குப்பா நிலையான இடம் இருக்கு? இவருக்கு ஓடவாவது தெரியுதே!”

கல்யாணமாகி இரண்டு வருஷமாகிறது. மாமனார் இன்னும் என்னைக் கால்பந்து ஆட்டக்காரர் என்றுதான் எல்லோரிடமும் அறிமுகப்படுத்துகிறார், நானும் திருத்துவதில்லை.